காளியம்மாவை முறைப்படி கொன்றது

1

இக்கதை கோபத்தில் பிறந்தது. போன திங்கட்கிழமை தொலைக்காட்சியில் ஓர் ஆங்கிலத் தொடர். பல மாதங்களாக எல்லாருக்கும் வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர் காரில் ஏறினார். கார் பள்ளத்தில் விழுந்தது. அடுத்த காட்சியில் அவருடைய நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்து காப்பி குடித்தார். நடிகருக்குச் சம்பளத் தகராறாம். இறந்தவருக்காக அழ ஒருவரும் இல்லை. அடக்கம் இல்லை. அவர் பெயரைக்கூட யாரும் மறுபடி உச்சரிக்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

நானும் ஒரு தொடரில் ஒருத்தியைக் கொன்றிருக்கிறேன். ஆனால் முறைப்படி கொன்றிருக்கிறேன். அதைப் பெருமையோடு சொல்லவே இதை எழுதுகிறேன். தன்னடக்கத்தை எதிர்பார்ப்பவர்கள் வேறு கதை படிக்கலாம்.

2

முதல் தொடக்கம்: ‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், லயத்து வாசலில் அவள்’

(நிறுத்தினேன். அன்று மழை பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: ‘இருளாயியின் கண்களில் சொல்லவொணாத ஓர் ஏக்கம்’

(அடித்துவிட்டேன். அவள் கண்களில் ஏக்கம் இருந்ததே இல்லை. வேண்டியதை வாய்திறந்து கேட்பவள்.)

மூன்றாவது, வெறும் செய்தி. எண்பதுகளின் தொடக்கத்தில் வாரந்தோறும் ஒரு தமிழ்த் தொடர் எடுத்தோம். எழுதியவள் நான், அப்போது பள்ளி ஆசிரியை; இயக்கியவர் ஞானசேகரம். அதன் நாயகி காளியம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுப்பவள். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மேனேஜர் பங்களா வாசலில் நின்றவள். நடித்தவள் இருளாயி. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் மட்டும் காளியம்மா ஆவாள். தொழிற்சாலையில் அவளை மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். சனிக்கிழமையும் வேலை என்றார்கள். பதவியை எடுத்துக்கொள் என்று நானே சொன்னேன். அவளும் அதற்குள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சியது காளியம்மா.

3

ஞானசேகரம் என் வீட்டுக்கு வந்தார். இருளாயியும் வந்திருந்தாள்.

“அக்கா, ஒரு வழி இருக்கு. காளியம்மா வீட்டில அடுப்பு வெடிக்குது. முகம் முழுக்கக் கட்டு. ரெண்டு கிழமை கழிச்சுக் கட்டை அவிழ்க்கிறம். உள்ளுக்கு வேற பிள்ளை. கோலாலம்பூரில பாத்தும் வச்சிட்டன்.”

“குரல்?” என்று கேட்டேன்.

“புகையில மாறிப்போச்சு.”

“உயரம்?”

அதற்கு அவரிடம் புகை இல்லை.

இருளாயி முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்தாள். “அண்ணே, அந்தப் பொண்ணுக்கு வேற பேரு குடுங்க, வேற வேசம் குடுங்க. நல்லா இருக்கட்டும். காளியம்மாவை மட்டும் குடுக்காதீங்கலா. அவ நடை எங்கம்மா நடை. பால் வாளி தூக்கித் தூக்கி ஒரு தோளு எறங்குன நடை. அதை அந்தப் பொண்ணு எந்தக் கடையில வாங்குவா?”

“அப்ப லண்டனுக்கு அனுப்புவமா?”

“பால் வெட்டுறவளுக்கு லண்டன்ல என்னாண்ணே வேலை? ராணி வீட்டு மரத்தை வெட்டவா?” என்னிடம் திரும்பினாள். “டீச்சர், என்னைய சாகடிச்சிருங்க. நல்லா சாகடிங்க. மேளத்தோட.”

“சாவை எடுக்க ஒரு நாள் தாறன்” என்றார் ஞானசேகரம். “அதுக்குள்ள முடிக்க ஏலாட்டி, அடுப்பு வெடிக்கும்.”

(முதல் வரைவில் ஞானசேகரத்தைப் பருத்த பேராசைக்காரராக எழுதியிருந்தேன். உண்மையில் ஒல்லியானவர், நாயகி செத்தால் தொடர் நின்று, நம்பியிருக்கும் குடும்பங்கள் தவிக்குமே என்று அஞ்சியவர். திருத்திவிட்டேன். நம்மோடு ஒத்துப்போகாதவர் என்பதற்காக ஒருவருக்குத் தொந்தி வைப்பது எழுத்து ஒழுங்காகாது.)

4

செய்தி கேட்டு, ஆயர் தாவாரிலிருந்து பேருந்தேறி இருளாயியின் தாயார் நல்லம்மாள் வந்து சேர்ந்தார்.

“கல்யாணம் ஆகாத பொண்ணைப் பாடையில படுக்க வைப்பீங்களா டீச்சரம்மா?”

ஞானசேகரம் பொறுமையாக விளக்கினார். நாடகக்காரர்களிடமிருந்து எங்களுக்கு வந்த வழக்கம் ஒன்று உண்டு: பிணமாக நடித்தவர் உடனே எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமரா கடைசியாகக் கண்டது சாவாக இருக்கக் கூடாது. அந்தச் சிரிப்பு ஒளிபரப்பாகாது.

“அந்தச் சிரிப்பை யாரு பாப்பா?” என்றார் நல்லம்மாள்.

“கேமரா பாக்கும், அம்மா.”

“கேமராவா கண்ணு வைக்கப் போவுது? டிவி முன்னால உக்காந்திருக்கிற சனம்தானே கண்ணு வைக்கும்! எம்மவ செத்ததைப் பாத்த அத்தனை பேரும் அவ எந்திரிச்சதையும் பாக்கணும். இல்லைன்னா அவ படுக்க மாட்டா.”

“எழுந்து சிரித்தால் காளியம்மா செத்தது பொய்யாகிவிடும்” என்றேன்.

“பாத்தீங்களா அக்கா” என்றார் ஞானசேகரம், ஏறக்குறைய மகிழ்ச்சியோடு. “கட்டுத்தான் வழி.”

(நல்லம்மாளை ‘மூடநம்பிக்கை’ என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எழுதியும் பார்த்தேன். ஆனால் அவருடைய வாதத்தில் ஓட்டை எங்கே? தேடினேன், கிடைக்கவில்லை. சொல்லை எடுத்துவிட்டேன்.)

இருளாயி மட்டும் கலங்கவில்லை. “அம்மா கேட்டதைக் குடுத்துருங்கண்ணே. எந்திரிச்சு நான் என்னா செஞ்சாலும் வெட்டாமப் போடுங்க. டீச்சர், அந்த எடத்துக்கு மட்டும் வசனம் எழுதாதீங்க.”

என் வசனத்தில் ஓர் எழுத்தையும் எவரும் மாற்ற நான் விட்டதில்லை. அன்று பிரதியில் அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். அதுவும் நான் எழுதியதுதான் என்பதே இன்றும் என் கருத்து. ஞானசேகரமும் நல்லம்மாளிடம் வாக்குக் கொடுத்தார்; எப்படியும் இது கெட்டுப்போய்த் தம் கட்டு யோசனைக்கே திரும்புவோம் என்று நம்பித்தான் கொடுத்தார்.

5

ஈப்போவுக்கு வெளியே, துண்டுபோட்டு விற்கப்பட்ட ஒரு தோட்டத்தின் காலி லயத்தில் எடுத்தோம். சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதை நான் குறைக்கவில்லை. மேளம் வந்தது. காளியம்மா கேட்டு வாங்கிய குழாயின் தண்ணீரில் அவளைக் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். துணை நடிகைகளுள் இருவர் நடிப்பதை மறந்து அழுதார்கள். நல்லம்மாள் கேமராவுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாடை தூக்கும் காட்சி முடிந்து, அதை இறக்கிவைத்ததும் இருளாயி எழுந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து மாலையைக் கழற்றிப் பாடைமேல் வைத்தாள், அங்கே இன்னும் ஒருத்தி படுத்திருப்பதுபோல. நெற்றியில் ஒட்டியிருந்த காசைப் பிய்த்தெடுத்தாள். சிரிக்கவில்லை.

“நான் இருளாயி. ஆயர் தாவார் நல்லம்மா மக. உசுரோட இருக்கேன், நல்லா இருக்கேன், வேலைக்குப் போறேன். செத்தது காளியம்மா. அவளுக்காக அழுதீங்களே, அது வீண் இல்ல. அவ செத்தது செத்ததுதான். இனிமே அவ பேரைச் சொல்லிக்கிட்டு எந்த மொகம் வந்தாலும் நம்பாதீங்க.”

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது:

“ஏண்டி, சிரிக்கச் சொன்னா யூனியன் கூட்டத்துல பேசுற மாதிரி பேசிக்கிட்டு நிக்கிற! சிரிடி!”

இருளாயி சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஞானசேகரம் கேமராவை நிறுத்தச் சொல்லவே மறந்துபோனார். பிறகு என் பக்கம் வந்து, “அந்தக் கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு வேற வேசம் எழுதித் தாங்கோ, அக்கா” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நல்ல வேடம். காளியம்மாவின் சாயல் துளியும் இல்லாதது.

6

முடிவு அ: நிலையம் அக்காட்சியை வெட்டிவிட்டது.

(இல்லை. ஞானசேகரம் வாக்குத் தவறாதவர். மேளம் முதல் சிரிப்புவரை முழுவதும் ஒளிபரப்பானது.)

முடிவு ஆ: பதவியில் சலிப்புற்ற இருளாயி, சில ஆண்டுகள் கழித்துக் கண்ணீருடன்

(வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அவள் திரும்பவில்லை, வருந்தவும் இல்லை.)

முடிவு இ உங்களுடையது. நான் அங்கே இல்லாததால் எழுத மறுக்கிறேன். தோட்டத்து மண்டபத்தில், தொலைக்காட்சியின் முன்வரிசையில் நல்லம்மாள் அமர்ந்திருக்கிறார். மகள் பாடையில் கிடக்கிறாள், எழுகிறாள், பேசுகிறாள். உடனே, தம் சொந்தக் குரல் பெட்டிக்குள்ளிருந்து ஊரறிய அதட்டுவதை அவர் கேட்கிறார். மண்டபம் முழுவதும் திரும்பி அவரைப் பார்க்கிறது.

அவர் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறீர்கள், அடுத்து அவர் சொல்வதை உங்களால் எழுத முடியும். விதி ஒன்றுதான்: அவர் கூச்சப்படக் கூடாது.

நல்லம்மாள் எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “