கைப்பிடித் துணி

கர்னல் என்று தெருவே கூப்பிடும் தம்பி, ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை. அவன் வாழ்க்கையில் கேட்ட பெரிய சத்தம் தன் பட்டறையில் ஓடும் கம்ப்ரஸர் சத்தம்தான். அடிபட்ட கார்களுக்குப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, புதுசாக்கித் தருவது தொழில். மிச்ச நேரமெல்லாம் யுத்தம். தோட்டாக் கூடு, தண்ணீர்க் குப்பி, ஓட்டை விழுந்த இரும்புத் தொப்பி என்று யார் யார் பரணிலோ கிடந்ததையெல்லாம் தேடிப் பிடித்து வாங்கி முன்னறையை நிறைத்துவிட்டான். பார்த்துப் பார்த்து, தானே சண்டைக்குப் போய் வந்த நினைப்பும் அவனுக்கு வந்துவிட்டது. போதாததற்கு மீசை வேறு.

உண்மையில் போனவள் அக்கா. போர்முனை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பிறகு ஊர் ஊராக வேலை பார்த்து இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறாள். அவளை யாரும் கர்னல் என்று கூப்பிட்டதில்லை.

அன்று அவள் தம்பி வீட்டுக்கு வந்தது ஒரே காரியமாகத்தான். மகளுக்கு எல்லை ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் கிளம்புகிறாள். பெட்டி அடுக்கிக்கொண்டே, "அங்க அடிக்கடி கரண்ட் போயிடுமாம்மா. உன் லாந்தரக் குடுத்துடு, கொண்டு போறேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் லாந்தர் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும். கொள்ளுத்தாத்தா சண்டைக்குக் கொண்டுபோனது, தாத்தா கொண்டுபோனது, இரண்டும் அப்பாவுக்கு வந்தன. அப்பாவுக்குப் பிறகு, மூத்தவள் இவள் இருக்க, தம்பிக்குப் போயின. அவள் வாயைத் திறக்கவில்லை. தனக்கென்று ஒன்று இருக்கிறதே, அது தன் மகளுக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம் என்பதால் அதை அப்பா வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தாள். அப்பா வீடு இப்போது தம்பி வீடு.

கூடார ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தி வைக்கும்போது லாந்தரைத் தூக்கிப் பிடிப்பது அவள் வேலையாக இருந்தது. மணிக்கணக்கில் பிடித்துப் பிடித்து, கம்பிக் கைப்பிடி அறுத்து உள்ளங்கை புண்ணாகிவிட்டது. ஒரு கை போன சிப்பாய் ஒருவன் படுத்த இடத்திலிருந்தே அதைக் கவனித்திருக்கிறான். தன் காயத்துக்குக் கொடுத்த கட்டுத்துணியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, இருந்த ஒரு கையாலும் பல்லாலும் கைப்பிடியில் சுற்றி இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். "இனிமே அறுக்காது சிஸ்டர்" என்றான். அந்த வாரமே செத்துப்போனான். அவன் முகம்கூட இப்போது அவளுக்குச் சரியாக நினைவில்லை. அந்தத் துணி நினைவிருக்கிறது. அதை அவள் அவிழ்த்ததும் இல்லை, துவைத்ததும் இல்லை.

முன்னறையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தம்பியின் சேகரிப்பைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போகிறார்களாம். போட்டோக்காரர் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் மூன்று லாந்தர்கள் பளபளவென்று பச்சை நிறத்தில் வரிசையாக நின்றன. மூன்றாவதற்கு முன்னால் ஓர் அட்டை: எங்கள் தந்தையார் போர்முனையில் ஏந்திய விளக்கு.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்பா இருந்தது போர்முனைக்கு எவ்வளவோ பின்னால், ராணுவக் கிடங்கில். கம்பளியும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கும் வேலை. கிடங்கில் கரண்ட் விளக்கு எரிந்தது; அவருக்கென்று லாந்தரே கிடையாது. "என்னைத் தாக்கினது மூட்டைப்பூச்சி மட்டும்தான்" என்று அந்த மனுஷனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பொய் பேசத் தெரியாத அப்பாவுக்குச் செத்த பிறகு மகன் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள். "இது என்னோட லாந்தர்டா."

"மெதுவாப் பேசுக்கா. அப்பா பரண்ல இருந்துச்சு, அப்ப அப்பாவோடதுதானே?"

"நான் வச்சதுடா அது. நாளைக்குப் பாப்பா ஊருக்குப் போறா. அவளுக்குக் குடுக்கணும்."

"கொள்ளுத்தாத்தா இருக்காரு, தாத்தா இருக்காரு, அப்பா இல்லேன்னா வரிசை எப்படிக்கா நிக்கும்? அதுவும் இல்லாம, உன்னோடதுன்னு எதை வச்சுச் சொல்ற? மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு."

ஒரே மாதிரி ஆக்கியவன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். "கைப்பிடியில துணி சுத்தியிருக்கும்" என்றாள். சொல்லும்போதுதான் அலமாரியைச் சரியாகப் பார்த்தாள். மூன்று கைப்பிடிகளும் வெறும் கம்பியாக மின்னின.

காபித் தட்டோடு வந்த தம்பி மனைவி நடுவில் புகுந்தாள். கள்ளம் கபடம் இல்லாதவள். "அந்தக் கறுப்புத் துணியா அண்ணி? ஐயோ, என்ன நாத்தம்! இவரு பெயின்ட் அடிக்கணும்னு அறுத்துப் போட்டாரு. நான்தான் குப்பையோட சேத்துக் கொளுத்திட்டேன். ஏன் அண்ணி, வேணுமா?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பியின் காது சிவந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது. ஒரு பெரியவர், "அம்மா யாரு?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றான் தம்பி. "ஆஸ்பத்திரியில வேலை பார்த்தாங்க."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு என்ன நினைத்தானோ, அலமாரியைத் திறந்து லாந்தரை எடுத்து அவளிடம் நீட்டினான். "சரிக்கா, இந்தா. கொண்டு போ. சண்டை வேண்டாம்."

வாங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி. எப்போதும் மக்கர் பண்ணும் திரிச்சக்கரம் வெண்ணெயாய்ச் சுழன்றது. கைப்பிடியில் கையைச் செருகித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அந்தக் காலத்தில் பிடித்த மாதிரியே. கம்பி உள்ளங்கையில் சில்லென்று பட்டது. கைக்கு இது எதுவென்றே தெரியவில்லை. இதைக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்து என்ன சொல்வது? கடையில் வாங்கினேன் என்றால்கூட நம்புவாள். திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை, திருட்டுக் கொடுத்த பொருள் எங்கேயாவது இருக்கும்.

"இன்னும் ரெண்டு கோட் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும். அடிச்சுத் தரட்டுமா?" என்றான் தம்பி. சமாதானம் பேசுகிறானாம்.

அவள் லாந்தரை அலமாரியில் அதே இடத்தில், மற்ற இரண்டோடும் நேராக நிற்கும்படி வைத்தாள். சாய்ந்திருந்த அட்டையையும் நிமிர்த்தி வைத்தாள். "நீயே வச்சுக்கோடா. இது அப்பாவோடதுதான்."

தம்பி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டான். முகம் மலர்ந்துவிட்டது. "அக்காவே சொல்லிட்டாங்க பாருங்க" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் போட்டோக்காரர். "விளக்கு மறையுது."

அவள் தள்ளி நின்றாள். கர்னல் மூன்றாவது லாந்தரை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மீசையை நீவிவிட்டுக் காமிராவைப் பார்த்தான்.