ஆணி அடிக்காத தகரம்

இதைச் சொல்லி முடிப்பதற்குள் யாரையும் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கண்ணுகளா. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் பயப்படாத ஆள் ஒருத்தர்கூட இல்லை.

கொரோனா வந்து ஊரை அடைத்த முதல் வருஷம். பெரிய ரோட்டைப் போலீஸ் அடைத்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருவை நாங்களே அடைத்துக்கொண்டோம். இரண்டு சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டி, பக்கத்தில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, வெளியாள் வரக்கூடாது என்று அட்டை தொங்கவிட்டோம். மளிகைக் கடை வேதமாணிக்கம் அண்ணாச்சிதான் காவல். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். கடைக்குப் பின்னாலேயே வீடு. மருமகள் ஜெனியும், இன்னும் நடக்கப் பழகாத பேரப்பிள்ளையும் அவரோடு இருந்தார்கள்.

அந்தக் கட்டையை அவர் ஒரே ஆளுக்காகத்தான் தூக்குவார். ரஷீது. துறைமுகத்தில் மூட்டை தூக்கின உடம்பு. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு தடவை ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பண்ணியாக வேண்டும். ஊரடங்கு தொடங்கின புதுசில் போலீஸ் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட, ஒரு தடவை டயாலிசிஸ் தவறிப்போனது. கால் இரண்டும் வீங்கி, மூச்சு ஏறாமல், படுக்கவும் முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை அவர் மனைவி தாஹிரா பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் அவளுக்கு உலகத்தில் ஒரே கவலைதான். அடுத்த தடவை தவறக்கூடாது.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு நோய் வந்தது. யாரும் வெளியே வராதபடி கார்ப்பரேஷன் ஆட்கள் வாசலுக்குக் குறுக்கே தகரம் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளேயிருந்து யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது.

"அடிச்சது நல்லதுதான்," என்றாள் அடுத்த வீட்டுக் கீர்த்தி. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலை பார்த்த பெண். கடை மூடி வீட்டில் இருந்தாள். "அந்தாளு அதுக்கு முன்னாடி பால் பூத்துல சிரிச்சிகினு நின்னாராம்."

ரஷீது ஜன்னலிலிருந்து, "உன் வூட்ல அடிச்சா தெரியும்," என்றார்.

"என் வூட்ல எதுக்கு மாமு அடிக்கணும்? நான் தூங்கும்போதுகூட மாஸ்க் போட்டுகினுதான் தூங்குறேன்."

எல்லோரும் சிரித்தோம். தாஹிரா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அன்று காலையிலிருந்தே முதுகு வலித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் உடம்பு சுட்டது. மாத்திரை போட்டுக்கொண்டாள். துப்பட்டாவால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு சமைத்தாள். தட்டை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். பாயை அடுப்படிக்கு மாற்றினாள்.

"இன்னா தாஹிரா, என் மேல கோவமா? மூஞ்சியே காட்ட மாட்டேன்ற."

"உள்ள ஒரே சூடுங்க."

"சூடுன்னா யாராவது அடுப்பாண்ட போய்ப் படுப்பாங்களா?"

காய்ச்சலைச் சொன்னால் தகரம் வரும், ஆட்டோ வராது, இவர் மூச்சு முட்டிச் சாவார். சொல்லாமல் இருந்தால் தன் மூச்சுக்காற்றே இவரைக் கொன்றுவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கழுத்தில்தான் கத்தி. வள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள் ஃபரா போனில் கேட்டபோதும், "நல்லாத்தான் கீறோம்மா," என்றாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. பிழைத்தோம் என்று நினைத்தாள். சோறு மண் மாதிரி இருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் அந்த நாற்றம் வந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பேசப் பழகுவதற்கு முன்னாலேயே காற்றை மோந்து பழகிவிடும். சில நாள் சாயங்காலம் காற்று திரும்பும். சுற்றியுள்ள ஆலைகளில் எந்தக் கம்பெனி விடுவது என்று யாருக்கும் தெரியாது. அழுகின முட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி ஒன்று தெருவுக்குள் இறங்கும். உடனே அடுப்பை அணைக்க வேண்டும். துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஆலைப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே நடக்க வேண்டும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று நாற்றம் கடுமை. வெளியே வராதே என்று சட்டம், உள்ளே இருக்காதே என்று காற்று. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜெனி குழந்தையின் முகத்தை ஈரச் சேலையால் மூடிக்கொண்டு ஓடினாள். அண்ணாச்சி கட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ரஷீது நனைத்த துண்டோடு உள்ளேயிருந்து தடுமாறி வந்தார்.

வாசற்படியில் தாஹிரா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். புழுக்கத்துக்குத் துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள்.

"அக்கா, எந்திரி. போலாம்," என்றாள் கீர்த்தி.

"எங்க? இன்னா எல்லாரும் வெளிய வந்துட்டீங்க?"

"நாறல உனக்கு?"

"இன்னா நாறுது?"

கீர்த்தி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஒரு அடி பின்னால் போனாள். மூக்கு போனால் அந்த நோய்தான் என்று அப்போது டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவே தாஹிராவைப் பார்த்தது.

தாஹிரா ஒரு பூண்டுப் பல்லை நகத்தால் கீறி மூக்கில் வைத்தாள். இன்னொன்றை நசுக்கி வைத்தாள். கையைத் திருப்பித் திருப்பி மோந்தாள். ஒன்றுமில்லை. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ரஷீது அவளிடம் வரப் போனார்.

"கிட்ட வராதீங்க," என்றாள். "அல்லாவுக்காக, வராதீங்க."

நாற்றம் கொஞ்ச நேரத்தில் கலைந்தது. கூட்டம் கலையவில்லை. "கார்ப்பரேஷனுக்குப் போனைப் போடுங்க அண்ணாச்சி," என்று யாரோ சொன்னார்கள்.

"குழந்தை கீற தெரு அக்கா," என்றாள் கீர்த்தி. அழுதுவிடுவாள் போலிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தகரம் அடிப்பீங்க. அடிச்சா இவரு எப்படி ஆஸ்பத்திரி போவாரு? நீ சொல்லு கீர்த்தி. எப்படிப் போவாரு?"

அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார்.

மறுநாள் உடம்பு முழுக்க மூடின ஆட்கள் வந்து, மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். சோதனையில் தாஹிராவுக்கு நோய் இருந்தது. ரஷீதுக்கு இன்னும் இல்லை. அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தனி டயாலிசிஸ் மெஷினுக்குக் கூட்டிப்போக ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே தகரமும் வந்தது.

தகரத்தை வாசலில் நிறுத்தி ஒரு பக்கம் ஆணி அடித்தாயிற்று. மறுபக்கத்துக்கு ஆணியை எடுத்தபோது அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் ஆணி வேண்டாம்யா. கம்பி போட்டுக் கட்டு."

"ஆம்புலன்ஸ் வர்றப்ப யாரு அவுக்கிறது? நாங்க வந்துகினு இருக்க முடியாது."

தெருவில் அத்தனை பேர் இருந்தோம். எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"நான் அவுக்கேன்," என்றார் அண்ணாச்சி.

"மாமா," என்றாள் ஜெனி. வேறொன்றும் சொல்லவில்லை. குழந்தையை மட்டும் இறுக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அண்ணாச்சிக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் கடையிலேயேதான். பேரப்பிள்ளை பின்வாசலிலிருந்து இரண்டு கையையும் நீட்டும். அவர் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

ரஷீதின் கால் வீங்கத் தொடங்கியிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு தாஹிரா தகர இடுக்கு வழியாகப் பார்த்தாள். அண்ணாச்சியின் குறடு கம்பியில் நிற்கவேயில்லை, நழுவி நழுவி விழுந்தது.

"அண்ணாச்சி, வேற யாரையாவது கூப்பிடுங்க."

"யாரு வருவா? நீ தள்ளி நில்லும்மா."

தகரம் விலகியது. ரஷீது சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அண்ணாச்சி திரும்பக் கம்பியை முறுக்கிவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவினார், எழுந்தார், திரும்ப உட்கார்ந்து கழுவினார். முழங்கை வரைக்கும் தேய்த்தார். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போல உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பகல் முழுக்கத் தாஹிரா உட்காரவில்லை. இருட்டும் நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. குறடு கேட்டது. தகரம் விலகி ரஷீது உள்ளே வந்து கட்டிலில் மெதுவாகச் சாய்ந்தார். மூச்சு சீராக இருந்தது. அவள் எட்ட நின்று அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒரு தடவை இருமினார்.

குறடு நின்றது. தகரத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் அசையவில்லை.

"மிளகாய் மூட்டை பிரிச்சேன்," என்றார் கடைசியில். "அந்த நெடி."

அவர் சட்டையில் மிளகாய் வாசம் இருந்ததா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சரிங்க அண்ணாச்சி," என்றாள்.

அடுத்த தடவையும் அண்ணாச்சியேதான் வந்து கம்பியை அவிழ்த்தார். அதற்கு அடுத்த தடவையும். தகரம் எடுக்கிற வரைக்கும், ஆம்புலன்ஸ் வரும் நாளில் அவள் விடியும் முன்னே எழுந்து இடுக்கில் காதை வைத்துக்கொள்வாள். வண்டிச் சத்தத்துக்காக இல்லை. கடைக்குள்ளிருந்து அந்த இருமல் மறுபடி கேட்கிறதா என்றுதான்.