ஆடி மாசத்துப் பதினோரு நாள்

காலை ஆறேகால் மணிக்குத் தாய்மாமன் சீரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனைத்தான் காணவில்லை.

ராஜபாளையத்தில் சீனிச்சாமியின் வீட்டு வாசலில் இருபத்தொரு தாம்பாளம் இருந்தது. பட்டு, பழம், வெல்லம், சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மைக் கார் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் யுவராணியின் பையனுக்குக் காதுகுத்து. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பையனைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அந்த மடிக்குச் சொந்தக்காரனான ஜெயபாண்டி, பெங்களூரு விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான்.

ஜெயபாண்டி விமானி. விமானம் ஓட்டுகிறவனுக்கு விமானத்தில் இடமில்லை என்று சம்பந்தி வீட்டில் போய்ச் சொன்னால், சர்க்கரை ஆலைக்காரன் வீட்டில் காபிக்குச் சர்க்கரை இல்லை என்றது போலத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். முந்தின நாள் சாயங்காலத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவனைக் கம்பெனி அவசர டூட்டிக்கு இழுத்துக்கொண்டது. விடியற்காலை நாலு மணிக்குத்தான் விட்டது. அவன் கம்பெனிக்கு மதுரை மார்க்கமே கிடையாது. வேறொரு கம்பெனியின் ஆறு ஐம்பது விமானம் ஒன்று இருந்தது. அதில் கால் வைக்க இடமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் யுவராணியின் மூத்த பெண் காதுகுத்துக்கும் இப்படித்தான் டூட்டி வந்தது. யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடி கொடுத்தான். யுவராணி ஒன்றரை வருஷம் அண்ணனோடு பேசவில்லை. இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "இதுக்கும் வரலைன்னா, எனக்கு அண்ணன் இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்." அவள் சொன்னால் செய்கிறவள். அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

சீனிச்சாமியின் போன் அடித்தது. கை நிறையத் தேங்காய் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் திண்டில் வைத்தார்.

"அப்பா, சீட்டு ஒண்ணுகூட இல்லே. காக்பிட்டுக்குள்ள ஒரு மடக்கு சீட்டு இருக்கு. ரெண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தம் உண்டு, பைலட்டுன்னா ஒக்காரலாம். ஆனா கேப்டன் சரின்னு சொல்லணும். இவரு இன்னும் சொல்லலை."

"எம்புட்டு கேக்காரு?"

"அப்பா."

"சரி சரி. வழக்கத்துல கேட்டுட்டேன்."

"அவரு அவங்க சங்கத்துல முக்கியமான ஆளு. எங்க கம்பெனியில சங்கமே கெடையாது. அதான் யோசிக்காரு."

சங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் சீனிச்சாமியின் முகம் சுண்டியது. சத்திரப்பட்டியில் அவருக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள் இருந்தன. தறி இருக்கிற இடத்தில் சங்கமும் இருக்கும். அந்தச் சங்கத்தின் செயலாளர் மாரிசாமி அப்போது வாழைத்தாரைத் தோளில் வைத்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். போனஸ் பேச்சில் மேசையைத் தட்டுகிறவர்தான், ஆனால் முதலாளி வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார்.

"போனை அவருகிட்ட குடு. நான் பேசுதேன்" என்றார் சீனிச்சாமி.

"வேண்டாம்ப்பா."

"குடுலே."

அந்தப் பக்கம் ஏதோ சிரிப்புச் சத்தம். பிறகு ஒரு கனத்த குரல். "வணக்கம் அண்ணாச்சி. பெலிக்ஸ் பேசுதேன். நமக்குச் சொந்த ஊரு திசையன்விளை."

சீனிச்சாமிக்குப் பாதி உயிர் வந்தது. நம்ம பக்கத்து ஆள். நம்ம பக்கத்து ஆளிடம் வியாபாரம் பேசி முடியாதது உண்டா?

"அண்ணாச்சி, ஒரே ஒரு விசயம் சொல்லுங்க. போன வருசம் ஆடி மாசம் ஒங்க மகன் எங்க இருந்தாரு? என்ன செஞ்சாரு?"

செத்த நேரம் யோசித்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். ஆனால் நாற்பது வருஷமாகச் சரக்கைப் புகழ்ந்தே விற்ற வாய், யோசனைக்கு முன்னால் திறந்துகொண்டது. கேப்டன் என்றால் மேலதிகாரி. மேலதிகாரிக்கு உழைக்கிற ஆளைத்தானே பிடிக்கும்?

"அவனா? கம்பெனின்னா உசுரைக் குடுப்பான். போன ஆடியில ஒங்க பக்கமெல்லாம் ஸ்ட்ரைக்குன்னு ஒக்காந்தப்ப, இவன் ஒருத்தன்தான் ரெட்டை ஷிப்டு பறந்தான். லீவுங்கிற வார்த்தையே அவனுக்குத் தெரியாது."

"அப்படியா அண்ணாச்சி" என்றது குரல். அதில் இருந்த திசையன்விளை எங்கோ போய்விட்டது.

மாரிசாமி வாழைத்தாரை அப்படியே தரையில் இறக்கினார். "கெடுத்தீயளே மொதலாளி" என்றார் மெதுவாக. "அவிய நிறுத்தி வச்ச வண்டிய இவரு எடுத்து ஓட்டுனாருன்னு சொல்லிட்டீயளே. பொறவு எப்படி அவிய வண்டியில ஏத்துவாக?"

சீனிச்சாமியின் கையிலிருந்து தேங்காய் ஒன்று நழுவி உருண்டது.

சுந்தரம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தாள். "என்னத்துக்கு இப்படிப் புளுகுதீக" என்று போனைக் கையில் எடுத்தாள். "தம்பி, நான் அவன் அம்மா பேசுதேன். அவுக சொன்னதுல ஒரு சொல்லுகூட நெசமில்ல. ஆடி மாசம் பதினோரு நாள் அவன் இங்கதான் கெடந்தான். மாடி மெத்துல பாயைப் போட்டுப் படுத்தான், எந்திரிச்சான், தின்னான், மறுபடி படுத்தான். கம்பெனியில இருந்து போன் மேல போன். ரெட்டைச் சம்பளம் தாரோம் வான்னு கூப்புடுதாக. இவன் போனை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டான். இவன் அப்பா தெனமும் திட்டுனாக. வாயத் தெறக்கலையே. அந்த லீவுனாலதான் கேப்டன் வேலையும் தள்ளிப்போச்சு. நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

"மதினி" என்றது குரல். திசையன்விளை திரும்பி வந்திருந்தது. "அண்ணாச்சி ஒண்ணு சொல்லுதாரு, நீங்க ஒண்ணு சொல்லுதீங்க. நான் எதை நம்ப?"

சுந்தரம்மாள் போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வாங்க வந்தவரிடம் தன் வாயால் ‘நான் சொன்னது பொய்’ என்று சீனிச்சாமி சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சாயம் போன துணியைக்கூட ‘இது புது மோஸ்தர்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, அவ சொல்றதுதான் நெசம். நான் சொன்னது வியாபாரப் பேச்சு. பய வீட்டுலதான் கெடந்தான். சோம்பேறின்னு வஞ்சேன். ஏன் கெடந்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி. ஓய்வு நேரம் கேட்டு நாங்க ஸ்ட்ரைக்குல நின்னோம். எங்க மார்க்கத்துல அவங்க கம்பெனி கூடுதல் விமானம் விட்டுச்சு. சங்கத்துல இருக்கிற எனக்குப் பின்னால ஆயிரம் பேரு நின்னாங்க. ஒங்க மகனுக்குப் பின்னால யாரு? ஒருத்தரும் இல்லே. அப்படியும் எங்க ஓட்டத்தை எடுத்து ஓட்ட மாட்டேன்னு பாயில வந்து படுத்திருக்காரு. இவரு ‘நான் பறக்கலை சார்’னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. இந்தக் கதவுகிட்ட நிக்கிற எல்லாருந்தான் அப்படிச் சொல்லுவாங்க. அதான் கேட்டேன். மகனைத் திட்டித் தீக்கிற அம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

பிறகு போனைத் தள்ளி வைத்து அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. "வாங்க ஜெயபாண்டி. பேக்கை உள்ள வைங்க. ரொம்ப நன்றி. போன வருசமே சொல்லியிருக்கணும், யாருன்னு தெரியாமப் போச்சு."

போன் அணைந்தது. சீனிச்சாமி திண்டில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாளும் மகனைத் தான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாமே நல்ல தமிழில் இருந்தன.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அவன்?" என்றார்.

"தறி மொதலாளிகிட்டயா?" என்று மாரிசாமி கேட்டுவிட்டு, வாழைத்தாரை மறுபடி தோளில் ஏற்றினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் மணி ஒன்பதே முக்கால். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேரன், வருகிறவர் போகிறவர் வேட்டியெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டிருந்தான். சம்பந்தி ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, ஒங்க பைலட்டு மேகத்துக்குள்ள வழி கேட்டுக்கிட்டு நிக்காரா?"

"கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டானாம்" என்றார் சீனிச்சாமி. இது உண்மை. ஆனால் அன்றைக்கு அவருக்கே தன் பேச்சில் முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு டாக்சி வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் தோளில் மூன்று கோடுமாக, தூங்காத கண்ணோடு ஜெயபாண்டி ஓடி வந்தான். சட்டை மாற்ற நேரமில்லை. அப்படியே பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். யுவராணி பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். முந்தானையால் அண்ணனின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஆசாரி குத்தினார். பையன் மண்டபம் அதிர அழுது, மாமனின் மூன்று கோட்டிலும் மூக்கைத் துடைத்தான். ஆவுடையப்பன் முதல் ஆளாகக் கைதட்டினார்.

பந்தி தொடங்குவதற்கு முன் சீனிச்சாமி மகனிடம் நம்பர் வாங்கிக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் போன் போட்டார். கேப்டன் பெங்களூருக்குத் திரும்பியிருந்தார்.

"தம்பி, காதுகுத்து நல்லபடியா முடிஞ்சது. ஒங்களுக்கு நான் ஏதாச்சும் செய்யணும். ராஜபாளையத்து நாய்க்குட்டி ஒண்ணு அனுப்புதேன். நல்ல சாதி."

"நான் இருக்கிறது நாலாவது மாடி அண்ணாச்சி. நாய் பாவம்."

"அப்ப சப்பட்டை மாம்பழம் ரெண்டு கூடை."

"வேண்டாம்."

"ஒரு கூடை."

"அண்ணாச்சி, நான் ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்காத ஆளுகிட்ட எப்படித் தம்பி பேரம் பேசுறது? பால்கோவா, கால் கிலோ. இதுக்குக் கீழ எறங்கினா எனக்குத்தான் அசிங்கம்."

கேப்டன் சிரித்தார். "சரி, ஒண்ணு குடுங்க. பையன் மாமன் மடியில ஒக்காந்திருக்கிற போட்டோ அனுப்புங்க. எங்க சங்க ஆபீசுல ஒரு பலகை இருக்கு. அதுல ஒட்டுதேன். அன்னைக்கு எங்களுக்காகச் சும்மா இருந்த மத்த கம்பெனிக்காரங்களை எங்க ஆளுகளுக்குத் தெரியணும்."

சீனிச்சாமி ஜன்னல் வழியாக மண்டபத்துக்குள் பார்த்தார். உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது. ஜெயபாண்டி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"போட்டோவுக்குக் கீழ பேரு போடுவியளா தம்பி?"

"போடுவோம்."

"அப்ப எம்பேரையும் சேத்துப் போடுங்க."

"என்னன்னு போடட்டும் அண்ணாச்சி?"

"சீனிச்சாமி, ராஜபாளையம். லீவு போட்டு வீட்டுல படுத்துக் கெடந்த பையனோட அப்பான்னு போடுங்க."