மாதிரிக்கு ஒரு பெயர்

உதவிக் கோப்பில் ஒரு சந்தேகம், கொஞ்சம் வர முடியுமா என்று மனிதவளப் பிரிவின் அனுபமா தெலுங்கில் போன் செய்தபோது சாரங்கபாணிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மென்பொருளோடு போகும் உதவிக் கோப்பை எழுதுகிறவனை யார் தேடப் போகிறார்கள்? ஐந்து வருஷமாக அவன் எழுதித் தள்ளியதை ஒரு மனிதப் பிறவி படித்ததாகத் தகவல் இல்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண் பார்க்கக் கூப்பிட்ட மாதிரி கிளம்பிப் போனான்.

கச்சிபௌலியில் இருந்த அந்தக் கம்பெனி சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு என்று ஊழியர் சமாசாரங்களைக் கவனிக்கும் மென்பொருளைச் செய்து விற்றது. உதவிக் கோப்பு வெறும் எழுத்தாக இருப்பதால்தானே எவனும் படிப்பதில்லை, அசையும் படங்களாகப் போட்டால் என்ன என்று போன வருஷம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. திரையைப் படம் படமாகப் பிடித்துக் கோத்தான். அம்புக்குறி தானாக நகர்ந்து போகும், ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும், பொத்தானை அழுத்தும். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓடும். மாதிரிக்கு ஊழியர் பெயர்கள் வேண்டியிருந்ததால் ஆபீஸ்காரர்களின் பெயர்களையே போட்டான். விஷயம் வெளியே தெரிந்ததுதான் தாமதம், அவன் இருக்கைக்கு ஆள் மாற்றி ஆள் வர ஆரம்பித்தார்கள். பதவி உயர்வுப் படத்தில் தன் பெயர் வரவேண்டும் என்று வெங்கட் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். சம்பள உயர்வை ஹர்ஷிதா பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளைக்கு அந்த மாடிக்கு அவன்தான் ராஜா.

கடைசியில் மிஞ்சியது, ஊழியரை வேலையிலிருந்து நீக்குவது எப்படி என்கிற படம். அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. தன் பெயரையே போட்டுவிடலாமா என்று நினைத்தான். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அபசகுனமாகப் பட்டது, விட்டுவிட்டான். வேறு யார் பெயரைப் போட்டாலும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அப்போதுதான் ஆரோக்கியமேரி ஞாபகத்துக்கு வந்தாள். சோதனைப் பிரிவுக்காரி, திண்டுக்கல் பக்கம். அந்த மாடியில் அவனோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். மூன்று தலைமுறையாக அந்தத் தெலுங்கு ஊரின் மல்காஜ்கிரியில் ஊறிப்போன அவன் தமிழைக் கேட்டு, பிரியாணியில் சாம்பார் ஊற்றின மாதிரி இருக்கிறது சார் என்று சிரிப்பவள். நம்ம மேரிதானே, என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று போட்டுவிட்டான். அவளிடம் கேட்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

அனுபமாவின் அறையில் மேரி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கைகள். அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஆட்குறைப்பு வரும் வரும் என்று மாடி முழுக்கப் பேச்சு இருந்தது. இன்றைக்கு வந்துவிட்டது என்று அவனுக்கு உள்ளே நுழைந்ததுமே புரிந்தது.

அனுபமா இதுவரை யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. உதவிக் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதில் மேரியின் பெயர், பக்கத்தில் நீக்கும் பொத்தான். நிஜத் திரை என்றே நினைத்துவிட்டாள். விவரங்களை மேரியும் சரிபார்க்கட்டும் என்று திரையை வேறு அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். எத்தனை தடவை அழுத்தினாலும் இந்தப் பெயர் போய்ப் போய்த் திரும்பி வருகிறது, என்னதான் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவளுக்கும் வியர்த்திருந்தது.

அம்புக்குறி நகர்ந்து ஆரோக்கியமேரியிடம் போனது, அழுத்தியது, பெயர் மறைந்தது, வந்தது. மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நிஜம் இல்ல, வெறும் படம்" என்று அவன் தெலுங்கில் சொன்னான். அனுபமாவுக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் நீங்களே முடித்துக்கொடுத்துவிடுங்களேன் என்று மவுஸை அவன் பக்கம் தள்ளினாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். அவனோ நிஜத் திரையைத் திறந்தான். படம் எடுப்பதற்காக நூறு தடவை போன வழி, கை தானாகப் போனது. அழுத்தினான். இந்தத் தடவை பெயர் திரும்பி வரவில்லை.

லிஃப்ட் வாசலில் அவளைப் பிடித்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்றாள் மேரி.

"ஐயோ நக்கோ மேரி, அப்படி நினைக்காதே. சத்தியமா தெரியாது. போன வருஷம் பண்ணின படம் அது. சும்மா மாதிரிக்குப் போட்டேன்."

"சரி, அதுக்கு என் பேரு எதுக்கு?"

பொய் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "நீ நம்ம ஆளாச்சே, தப்பா எடுத்துக்க மாட்டேன்னு..."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. மேரி உள்ளே போய்த் திரும்பி நின்றாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நம்ம ஆளுன்னா பிரமோஷன்ல போட்டிருக்கலாமே சார்" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

இருக்கைக்குத் திரும்பியபோது விஷயம் அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "கை ராசி பலமா இருக்கே பாஸ், பிரமோஷன்லேருந்து என் பேரை மட்டும் எடுத்துடாத" என்று இந்தியில் சொன்னான் வெங்கட். சுற்றிலும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் குடித்தான்.

படத்தை உடனே மாற்றிவிடவேண்டும் என்று உட்கார்ந்தான். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களின் கணினிகளில் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. இனி போகிறதிலாவது அவள் பெயர் இருக்கக்கூடாது. புதிய ஊழியர் பெயர் என்று கேட்டு வெற்றுக் கட்டம் திறந்தது. யார் பெயரைப் போடவேண்டும் என்பதில் இப்போது அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தன் பெயரின் முதல் எழுத்தை அடித்தான். அழித்தான். மறுபடி அடித்துவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போகாமல் அப்படியே இருந்தான். வெளியில் வீடு திரும்பும் வண்டிகளின் ஹார்ன் சத்தம் ஐந்தாவது மாடி வரை கேட்டது. விரல் மெல்ல நகர்ந்து அந்த ஓர் எழுத்தையும் அழித்தது.

மூடாமல் விட்ட பழைய படம் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்புக்குறி மேரியிடம் போனது, அழுத்தியது, அவள் இருந்த வரி வெறுமையானது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல அவள் திரும்பி வந்து, அம்புக்குறி வருவதற்காக அதே இடத்தில் நின்றாள்.