பெயிண்ட் படாத வட்டம்

ஜீப்புக்கு அடியிலிருந்து தம்பியின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கழன்று புல்லில் கிடந்தது. டங், டங் என்று இரண்டு தட்டு. அப்புறம் சத்தமே இல்லை. நர்ஸம்மா தன் பையைத் தோளில் மாட்டியபடி, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரியைப்போல் நின்றாள். எத்தனையோ பேரை அப்படி நிற்கவைத்தவள்தான் அவள்.

கால்கள் நெளிந்தன, இடுப்பு வந்தது, கடைசியில் முகம் வந்தது. தம்பி தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். இரும்பு என்றால் கொஞ்சம் தெரியும், மற்றதெல்லாம் போனில் பார்த்த வீடியோ. செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவைத் தனியாக ஒதுக்கி அழைத்துப்போனான்.

"கிளம்புக்கா. அடியில பூரா புதுப் பெயிண்ட்டு."

"நல்லதுதானேடா?"

"இத்தனை வயசான வண்டிக்கு அடியில எதுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க? துருவை மறைக்கத்தான். யார் குனிஞ்சு பார்க்கப்போறா?"

"நீ பார்த்தியே."

"அதான் சொல்றேன், கிளம்பு."

ஜீப்பை விற்கிற வண்டிக்காரர் வாசற்படியில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் இரும்புப் பாலங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஏணியையும் டப்பாக்களையும் சுமந்துகொண்டு ஆற்றுக்கு ஆறு அலைந்த ஜீப் இது. இனி அந்த முழங்கால்கள் ஏணி ஏறாது. அவருடைய மனைவி சன்னலில் நின்றபடி, "ஒரு வாரமா அதைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பாட்டினாரு. என்னை ஒருநாள் அப்படிப் பார்த்திருப்பாரா?" என்றாள். பெயிண்டர் திரும்பாமலே, "நீ துருப்பிடிக்கலையே" என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில், லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஒருத்திக்கு ஜீப் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அவளுடைய வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். பழகும்போது அவள் இரவல் காரை இரண்டு தடவை வாசல் தூணில் இடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் தூணுக்குப் பழைய மெத்தை ஒன்றைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார். "டவுன் ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில நாற்காலி போட்டுக் கூப்பிடறாங்க. நீ மலையில போய் உருளணுங்கறே" என்று காலையிலும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்தால் அவருக்குக் கேலிதான் வரும்.

விஷயம் இதுதான். அவள் பொறுப்பில் மேட்டில் ஆறு குடியிருப்புகள். பஸ் கடைசி நிறுத்தத்தோடு சரி. அதற்குமேல் ஏழு கிலோமீட்டர் கல் பாதை. இருபத்திரண்டு வருஷமாகப் பால் வேன்தான் அவளை ஏற்றிக்கொண்டு போனது. மூன்று மாதம் முன்னால் அந்த வேன் வேறு தடத்துக்குப் போய்விட்டது. நடந்து பார்த்தாள். இரண்டு தடவையும் கணுக்கால் வீங்கி, பாதியிலேயே திரும்பினாள். மாதப் படிவத்தில் 'நேரில் பார்த்தேன்' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று மாதமும் அதை வெறுமையாகவே விட்டாள். "ஒரு டிக் போட்டா கை தேஞ்சிடுமா? யார் வந்து பார்க்கப்போறாங்க?" என்றார் மேலதிகாரி. பார்க்காததைப் பார்த்ததாக எப்படிப் போடுவது? அந்த வெற்றுக் கட்டங்களுக்குப் பதிலாகத்தான் ஒரு கடிதம் வந்தது. சொந்த ஏற்பாட்டில் மேலே போக முடியுமா, இல்லை டவுன் ஆபீஸுக்கு மாறச் சம்மதமா, திங்கட்கிழமைக்குள் எழுதித்தர வேண்டும். அவள் மாறிவிட்டால் மேட்டுக்கு வேறு ஆள் போடமாட்டார்கள். அங்கே ஏழு பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு எட்டாம் மாதம், கால் வீக்கமாம். இன்று சனிக்கிழமை.

நர்ஸம்மா, தம்பி படுக்க விரித்திருந்த சாக்கைப் பார்த்தாள். பையைக் கழற்றி ஜீப்பின் பின்சீட்டில் வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றே? துணியெல்லாம் போயிடும்."

"தோய்ச்சுக்கலாம்."

குழந்தையைக் காட்ட வருகிற சில வீட்டார் பவுடர் அப்பி, குல்லா மாட்டி, பொம்மைபோல் கொண்டுவருவார்கள். அவள் முதலில் குல்லாவைத்தான் கழற்றச் சொல்வாள். அந்தப் பழக்கத்தில்தான் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். மண்வாசனையும் எண்ணெய் வாசனையும் மூக்கில் ஏறின. தலைக்குமேல் கறுப்பாக, நனைந்த கல்லைப்போல் எல்லாம் மின்னியது. எது எந்தப் பாகம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கம்பியைத் தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள். பின்சக்கரத்துப் பக்கம் வந்ததும் கை நின்றது. ஸ்பிரிங் பட்டையை மாட்டியிருக்கிற இடத்தில், அத்தனை கறுப்புக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம். சுற்றிலும் சாக்பீஸ் கோடு. உள்ளே பெயிண்ட் இல்லை. செங்கல் நிறத்தில் பொறுக்காகத் துரு. பிரஷ் அந்தக் கோட்டின்மேல்கூடப் படாமல் சுற்றிப் போயிருந்தது.

"இங்க ஒரு வட்டம் இருக்கே, இது என்ன?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"பெயிண்ட் தீர்ந்திருக்கும்" என்றான் தம்பி.

பெயிண்டர் மெதுவாக எழுந்து வந்தார். ஒரு வாரம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்ததில் முழங்கால் மடங்கவில்லை, குனியவும் முடியவில்லை. அவருடைய இரண்டு பாதங்கள்தான் அவளுக்குத் தெரிந்தன.

"அது வெல்டர் பார்க்கவேண்டிய இடம், நர்ஸம்மா. பாலத்துல உளுத்த இடம் வந்தா வட்டம் போட்டுட்டு நகர்ந்துடுவோம். வெல்டர் வந்து சரி பண்றவரைக்கும் அதுமேல பெயிண்ட் அடிக்கமாட்டோம். அடிச்சுட்டா அப்புறம் வர்றவன் இரும்புன்னு நம்பிக் கால் வெச்சுடுவான்."

"வந்ததும் சொல்லியிருக்கலாமே?"

பாதங்கள் சற்று இடம் மாறின. "சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலை. எப்படியும் கண்ணுல படும்னு விட்டுட்டேன்."

தம்பி சுத்தியலோடு மறுபடி உள்ளே வந்தான். அக்காவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இந்த முறை அவசரப்படாமல், ஒவ்வொரு சாணாகத் தட்டினான். எல்லா இடமும் கணீரென்றது. வட்டத்துக்குள் மட்டும் பொத்தென்று சத்தம். ஒரு சில்லு உதிர்ந்து அவளுடைய நெற்றியில் விழுந்தது.

"ஒரு இடந்தான்" என்றான், கொஞ்சம் ஏமாந்தவன்போல.

பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தாள். ஒரு சுற்றுக்கு அந்த வட்டம் தாங்கும் என்று பெயிண்டர் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் கல்லும் பள்ளமுமாக ஒரு சரிவு. ஏறும்போது மூன்று தடவை எஞ்சின் நின்றுபோயிற்று. "அது ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார் பக்கத்தில் இருந்த பெயிண்டர். இறங்கும்போதுதான் வினை. டிரைவிங் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கை அழுத்தினாள், வண்டி சரளையில் வழுக்கிப் பக்கவாட்டில் ஒரு முழம் போயிற்று. பின்சீட்டிலிருந்த தம்பி யாரோ ஒரு கடவுளைக் கூப்பிட்டான்.

"காலை எடுத்துடுங்க. குட்டி கியர்ல இருக்கு, அதுவே பிடிச்சுக்கும்."

காலை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது அவளுக்கு. எடுத்தாள். ஜீப் உறுமிக்கொண்டு, நிறைமாதக்காரி படியிறங்குவதுபோல் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. கீழே வந்து நின்றபோது அவளுடைய உள்ளங்கைகளில் ஸ்டியரிங்கின் வரிகள் பதிந்திருந்தன.

"என்னக்கா, முடிவு பண்ணிட்டியா?" என்றான் தம்பி.

"காலையில வெல்டரைக் கூட்டிட்டு வா. அவர் என்ன சொல்றாருன்னு கேட்போம்."

"மாமாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"மெத்தை பத்தாதுன்னு சொல்லு."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அவளுடைய முதுகில் சாக்கின் அச்சு அப்படியே இருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெயிண்டர் ஜீப் கதவைப் பூட்டப் போனபோதுதான் பின்சீட்டைப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும் தராசும் துருத்திக்கொண்டு, வார் அறுந்து தைத்த அந்தப் பை அங்கேயே இருந்தது.

கூப்பிட்டிருக்கலாம். அவர்கள் இன்னும் திருப்பத்தைத் தாண்டவில்லை. காலையில் வரப்போகிறவள்தானே என்று அவர் சன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினார். கடைசி ஓர் அங்குலம் எப்போதும் சிக்கும். முதல் தூறல் விழுவதற்குள், இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுந்த வைத்து, அதை மெல்ல மெல்ல மேலே தள்ளினார்.