இத்தாவில் வந்த பூனை

என் புருஷன் வஹீத் இறந்த ஒன்பதாவது நாள், மேல்மாடி வீட்டு ஷ்ரேயா ஒரு பிளாஸ்டிக் கூண்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க எப்படியும் நாலு மாசம் வெளிய போக மாட்டீங்க இல்ல? இவளைக் கொஞ்ச நாள் வச்சுக்கிறீங்களா?"

அந்த ஒன்பது நாளில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பொறுமையாக இரு என்றார்கள், கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இந்தப் பெண் ஒருத்திதான் என்னால் ஆகக்கூடிய ஒரு வேலையைக் கேட்டாள். சரி என்றேன். அப்போது எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. பத்தொன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். வஹீதுக்கு லஸ் பக்கம் பை, சூட்கேஸ் தைக்கிற கடை. எனக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கை பிரித்துத் தைக்கிற வேலை. பிள்ளைகள் இல்லை. ரமலான் இரண்டாம் நோன்பு அன்று, நோன்பு திறக்கிற பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டும், கிண்ணம் நிறைகிறவரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

புருஷன் இறந்தால் எங்களில் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. எதுவுமே கஷ்டமாக இல்லை. ஜுவேரியாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர். ஒரு ஊக்கு தொலைந்தாலும் வீட்டை ரெண்டாக்குகிறவள் நான். அந்தக் கோபம்கூட வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூனையின் பெயர் பூந்தி. சாம்பல் உடம்பில் அங்கங்கே மஞ்சள். வளர்த்தவர்கள் வெளிநாடு போகும்போது பூட்டிய வீட்டுப் பால்கனியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடையாறில் ஷ்ரேயாவும் அவள் தோழிகளும் நடத்துகிற காப்பகத்துக்கு வந்தது. அங்கே பன்னிரண்டு நாய்கள். குரைப்புச் சத்தத்தில் பூந்தி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. நடுவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விளையாடவே மாட்டேன் என்கிறது என்று ஒன்பதே நாளில் திருப்பிவிட்டார்கள். இன்னொரு முறை பட்டினி கிடந்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்க வீட்டுல கதவே அதிகம் திறக்காது. அதான் கேட்டேன்" என்றாள் ஷ்ரேயா. அவள் வீட்டில் இரண்டு நாய்.

கூண்டைத் திறந்ததும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனது. பதினோரு நாள் நான் அதைப் பார்க்கவே இல்லை. வைத்த தட்டு காலியாகும், அவ்வளவுதான் அடையாளம். ஷ்ரேயா சொல்லிக்கொடுத்தபடி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. எனக்கு யாரையும் பார்க்கவோ கூப்பிடவோ தோன்றாததால் சிரமமில்லாமல் செய்தேன். இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம் என் முதுகில் ஏதோ இடித்தது. அதன் தலை. நான் அசையவில்லை. சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. இடிக்கிறது என்று தெரிந்தது.

நிரந்தரமாக ஒரு வீடு தேடி ஷ்ரேயா படம் போட்டாள். படத்தில் வாஷிங் மெஷினும் ஒரு காதும் இருந்தன. அதைப் பார்த்து யார் வருவார்கள்? ஒருவர் மகளின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்டார். இன்னொருவர் வீடியோ எடுக்க ஒத்துழைக்குமா என்று கேட்டார். ஷ்ரேயா இரண்டு பேருக்கும் மரியாதையாகப் பதில் எழுதினாள். பழைய ஜுவேரியாவாக இருந்தால் வேறு மாதிரி எழுதச் சொல்லியிருப்பேன்.

மே மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். தெற்கு மாட வீதிக்குப் பின்புறம் வீடு. அந்த அம்மாள் விஜயலக்ஷ்மி, ரிட்டயரான கணக்கு டீச்சர். நான் இத்தாவில் இருப்பதால் அவர் கணவர் ஸ்ரீரங்கன் உள்ளே வரவில்லை. படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்.

"எங்காத்துல ஒண்ணு பதினாலு வருஷம் இருந்துட்டுப் போச்சு" என்றார் விஜயலக்ஷ்மி. "போய் ஒரு வருஷம் ஆறது. இவர் இன்னும் கட்டிலுக்கடியில குனிஞ்சு குனிஞ்சு பார்த்துண்டிருக்கார்."

"மீன்?" என்றேன்.

"மீனெல்லாம் ஆத்துல ஆகாது. பொட்டலத்துல வரதைத்தான் போட்டுண்டிருந்தோம். அதுல என்ன இருக்குன்னு நாங்க படிக்கறதில்லை."

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "பயந்த சுபாவம்னு சொன்னாளே, மிக்ஸி சத்தத்துக்கும் பயப்படுமான்னு கேளு."

"பயப்படும்" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

"அப்போ அம்மியிலயே அரைச்சுக்கலாம்னு சொல்லு" என்றார் அவர்.

அரைக்கப்போவது யார் என்று விஜயலக்ஷ்மி கேட்கவில்லை. முகத்தில் மட்டும் கேள்வி இருந்தது. அத்தனை நேரத்தில் பூந்தி ஒரு முறைகூட வெளியே வரவில்லை. பார்க்காமலே சரி என்றார்கள். ஜன்னல்களுக்கு வலை அடிக்க வேண்டும், பிறகு பெங்களூரில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வர வேண்டும். அதுவரை என்னிடமே இருக்கட்டும் என்று முடிவானது.

"உங்க இத்தா எப்பக்கா முடியுது?" என்று ஷ்ரேயா கேட்டாள்.

"நாலு மாசம் பத்து நாள்."

அவள் போனில் தேதியை எண்ணினாள். அவர் இறந்த மார்ச் மூன்றிலிருந்து நான்கு மாதம், பத்து நாள். ஜூலை பதிமூன்று, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கன் அந்தக் கணக்குக்கே ரயில் டிக்கெட் எடுத்தார். நானும் தலையாட்டினேன். எங்கள் மாதம் பிறையைப் பார்த்துப் போகிறது, இருபத்தொன்பது நாளிலும் முடியும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். எந்த நாளில் முடிந்தால் எனக்கென்ன என்று இருந்தது.

பிறைக் கணக்கில் நாட்களை எண்ணியவர் நாத்தனார் ஜைதூன் பீ. முஹர்ரம் பத்து கழிந்த மறுநாள் வந்தார்.

"நாளைக்கி பிறை பன்னெண்டு. உன் இத்தா முடியுது. தல்ஹாகிட்ட சொல்லிட்டேன், காலையில வண்டி எட்தாந்துடுவான்."

நாளைக்கு என்றால் ஜூலை எட்டு. ஸ்ரீரங்கன் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

தல்ஹா என் தம்பி. வடபழனியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். இத்தா முடிந்ததும் நான் அங்கே போய் அவன் பெண்களோடு ஒரே அறையில் இருப்பது என்று மூன்றாம் நாள் பாத்திஹா ஓதக் கூடியபோதே பேசி முடித்திருந்தார்கள். அதற்கும் நான் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். நல்ல பையன், அவன் மேல் குறையில்லை. அவன் மனைவி சிம்ராவுக்கு இளைப்பு உண்டு, பூனை முடி ஆகாது. அவள் மேலும் குறையில்லை. ஷ்ரேயா எத்தனையோ பேருக்கு போன் செய்து பார்த்தாள். அந்த ஐந்து நாளுக்கு நாய்கள் இருக்கும் காப்பகம் மட்டும்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தல்ஹா வந்தான். கீழே சாமான் ஏற்ற டாடா ஏஸ் நின்றது.

"ஆபா, இன்னா ஒண்ணும் கட்டாம கீது?"

"பூனையைக் கூட்டிட்டுப் போக ஞாயித்துக்கெழமதான் வராங்க."

"அட, கதவத் தொறந்து உட்டா அதுவா போய்க்கினே இருக்கும். பூனைக்கு இன்னா, நாலு வீடு கீது, நாலு தட்டு கீது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஏதோ கிளம்பி வந்தது. முதலில் என்னவென்றே தெரியவில்லை. வாய்க்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கோபம்.

"அது எங்கயும் போகாதுடா! அதோ அந்த மெஷினுக்குப் பின்னால உக்காந்துட்டு செத்துப்போகும். ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன். வண்டிய அனுப்பு."

தல்ஹா என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு படி பின்னால் இறங்கினான். வண்டி போயிற்று.

புதன்கிழமை நான் நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக வெளியே போனேன். பால் வாங்க, அவ்வளவுதான். வெயில் இருந்தது, பஸ் இருந்தது, எல்லாம் இருந்தது. திரும்பிக் கதவைத் திறந்தபோது பூந்தி நடுக்கூடத்தில் நின்று கத்தியது. இங்கே வந்ததிலிருந்து அது தனியாக இருந்ததே இல்லை. எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்கிற கத்தல். பதிலுக்கு நானும் கத்தினேன். "பால் வாங்கத்தான் போனேன், சும்மா கெட!" இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். பிறகு நான் பாலைக் காய்ச்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஷ்ரேயா அவர்களை அழைத்து வந்தாள். இந்த முறை ஸ்ரீரங்கனும் உள்ளே வந்தார். மெலிந்த மனிதர், பூனைக்காகவோ என்னவோ செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். பூந்தி மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

"நீங்கதான் பிடிக்கணும் அக்கா" என்றாள் ஷ்ரேயா. "நாங்க கை வச்சா கடிக்கும்."

தரையில் உட்கார்ந்தேன். முதுகைக் காட்டினேன். நிமிஷங்கள் போயின. தலை வந்து இடித்தது. அந்நியர்கள் மூன்று பேர் இருக்கும்போதே வந்து இடித்தது. நான் திரும்பி அதைத் தூக்கிக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அது என்னைக் கடிக்கவில்லை, கத்தவில்லை. கடித்திருக்கலாம். என்னை நம்பி வந்ததை நான் பிடித்துக் கொடுத்தேன். நல்ல வீட்டுக்குத்தான் கொடுத்தேன்.

விஜயலக்ஷ்மி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள உட்கார்ந்தார். நான் சொன்னேன். தட்டை இடம் மாற்றாதீர்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டாதீர்கள். ஒரு மாதமானாலும் வரட்டும் என்று விடுங்கள்.

"சரிம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று ஸ்ரீரங்கன் கூண்டைத் தன் மேல்துண்டால் மூடினார். ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஆட்டோ முனை திரும்புகிறவரை ஷ்ரேயா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு டாடா ஏஸ் வந்தது. இரண்டு ஆட்கள் ஏறி வந்து கட்டிலைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். தலைமாட்டுப் பலகை வாசற்படியைத் தாண்டியது.

"நிறுத்துங்க" என்றேன்.

தல்ஹா திரும்பினான். "இன்னா ஆபா? பூனதான் போயிடுச்சே. இன்னும் இன்னா காரணம்?"

காரணம் தேடினேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்று வீட்டுக்காரர் சிதம்பரநாதன் சொல்லியிருந்தார். தி.நகர் கடையில் என் மெஷினில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவை எதுவும் காரணமில்லை. ஒரு பூனைக்காக இந்த வாசலில் நின்று கத்தினேன். எனக்காக ஒரு வார்த்தை கத்த ஆள் இல்லை. கத்தக்கூடியவர் இறந்துவிட்டார். அது அப்போதுதான், அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், முழுசாக எனக்குள் இறங்கியது. வலித்தது. நான்கு மாதமும் எங்கே இருந்ததோ, அத்தனையும் ஒன்றாக வலித்தது.

"நான் வரலடா" என்றேன். "எனக்கு இங்கதான் இருக்கணும். உனக்கு எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன்."

கட்டிலைப் பிடித்திருந்த ஆட்கள் இரண்டு பேரும் தல்ஹாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"இத்த எங்கமா வைக்கிறது?" என்று கேட்டார்.

"இருந்த எடத்துலயே" என்றேன்.