உருப்போட்ட வார்த்தைகள்

ஜோபின் எதையோ மறைக்கிறான் என்று அமலிக்குப் பட்டுவிட்டது. புதன்கிழமை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் பிராக்டிஸ் முடிந்து வந்ததிலிருந்து அறையின் திரையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கிறான். போனைக்கூடத் தொடவில்லை. பதினாறு வயசுப் பையன் போனைத் தொடாவிட்டால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? கஞ்சாவா, காதலா என்று அவள் புத்தி எங்கெங்கோ போனது. ஸ்கூல் பையைக் குடைந்து பார்த்தாள். அழுக்குச் சாக்ஸ்தான் இருந்தது.

கணவன் சைலஸை நெருக்கிப் பிடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எவனோ மோதியதில் பையன் ஹெல்மெட்டோடு மண்டை தரையில் இடிக்க விழுந்திருக்கிறான். ஆட்டத்தில் அடிபட்டவர்களைக் கவனிக்கும் ஸ்கூல் ட்ரெய்னர் கார்லா அங்கேயே டெஸ்ட் வைத்தாளாம். வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்களாம், ஜோபின் ஒன்றுகூட விடவில்லையாம். வெள்ளிக்கிழமை மேட்ச் ஆடலாமாம். சொல்லும்போதே சைலஸ் முகத்தில் அப்படியொரு பெருமை. ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழ்ச் சபையில் ஃபுட்பால் ஆடும் பிள்ளையைப் பெற்ற ஒரே அப்பன் அவன்தானே!

அமலிக்கு மனசு ஒப்பவில்லை. கோச்சுக்கு ஜெயிக்க வேண்டும், சைலஸுக்கு ஜம்பம் அடிக்க வேண்டும், அந்தக் கார்லா கோச்சுக்குத் தலையாட்டுகிறவளோ என்னவோ. எல்லாரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு பிள்ளையை பலி கொடுக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோபினை மேட்சுக்குக் கொண்டுபோகும் வழியில், இந்தியன் ஸ்டோர் வாசலில் வண்டியை நிறுத்தி, தயிரும் கொத்தமல்லியும் வாங்கிவரச் சொன்னாள். வெறுங்கையோடு வந்து, என்ன கேட்டாய் என்றான். திரும்பச் சொல்லி அனுப்பினாள். மறுபடியும் வெறுங்கை.

அமலி என்ஜினை அணைத்தாள். "ஜோபின், நான் அஞ்சு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லு. குடை, சீப்பு, கடுகு, செருப்பு, ஜன்னல்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தான். "ரிவர், பட்டன், டைகர், சாக், லேடர். ஆல் ஃபைவ், ரைட்?"

அந்த வார்த்தைகளை அமலிக்கு நன்றாகத் தெரியும். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் ஆகஸ்டில். சீசனுக்கு முன்னால் ஞாபகசக்திக்கு ஒரு டெஸ்ட் வைப்போம், பின்னால் தலையில் அடிபட்டால் அதையே வைத்து ஒப்பிடுவோம் என்று ஸ்கூலில் விளக்கித்தான் சொன்னார்கள். டெஸ்ட் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. தன் பிள்ளை மார்க் குறைந்து வருவதா? போன வருஷம் ஆடியவர்களைத் துளைத்தெடுத்து வார்த்தைகளைத் தேடிப்பிடித்து, ஃப்ரீவேயில் வண்டி ஓட்டும் நேரமெல்லாம் அவனை உருப்போட வைத்தாள். புதன்கிழமை கார்லா கேட்டதும் அதே வார்த்தைகளைத்தான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாளே, பாவி, தன்னைத் தவிர!

மைதானத்தில் நேராகக் கார்லாவிடம் போய், அவன் பாஸ் ஆகவில்லை, நான்தான் மனப்பாடம் பண்ணவைத்தேன் என்று டீம் மொத்தமும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். கார்லா முகம் வெளுத்துப்போனது. ஜோபினிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். முன்னாலேயே வந்து முன்வரிசையில் இடம்பிடித்திருந்த சைலஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டியில் ஜோபின் தேம்பித் தேம்பி அழுதான். "ஒய், அம்மா? ஐ பாஸ்ட்."

"இல்லடா கண்ணு, நீ பாஸ் ஆகல. தப்பு அம்மாவோடது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த சிக்னல் வருவதற்குள் அழுகை நின்றிருந்தது. ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டான்.

"அம்மா, வேர் ஆர் வீ கோயிங்? ஐ ஹேவ் எ கேம் டுடே."

அமலி முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.